தூரைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்

ஆல்டடீனாவில் தீ கொன்ற செடிகளைவிட, தீ அணைந்த பிறகு ரம்பம் கொன்ற செடிகளே அதிகம் என்பது அங்கே ஒரு தோட்டக்காரரின் கட்சி. கணக்கெடுத்துச் சொல்கிற பேச்சல்ல, ஆற்றாமையில் வருகிற பேச்சு. ஆனாலும் தள்ளிவிட முடியாது. லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடகிழக்கே, சான் கேப்ரியல் மலையடிவாரத்து வீட்டுத் தோட்டங்களில் வெகுகாலமாக வேலை பார்ப்பவர் அவர். எந்த வேலிக்குள் எந்தப் புதர் நிற்கிறது, எது வீட்டுக்காரரின் பாட்டி காலத்தது, எது போன வருடம் நர்சரியில் வாங்கியது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

2025 ஜனவரி 7 மாலை ஈட்டன் கேன்யன் பக்கம் தீப்பிடித்தது. அதற்கு முந்தைய எட்டு மாதங்களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தில் அரை அங்குல மழைகூட விழவில்லை. அதற்கும் முந்தைய இரண்டு குளிர்காலங்களில் மழை கொட்டித் தீர்த்திருந்ததால் மலைச்சரிவில் புதர்கள் கொழுத்துக் கிடந்தன. கொழுத்ததெல்லாம் காய்ந்து நின்ற நேரத்தில், பாலைவனப் பக்கமிருந்து மலையிறங்கும் சாண்டா ஆனா காற்று புயல் வேகத்தில் வீசியது. ஒரே இரவில் தீ ஊருக்குள் புகுந்துவிட்டது. 14,000 ஏக்கர் எரிந்தது, 9,400-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின, 19 பேர் இறந்தார்கள். ஜனவரி 31 அன்றுதான் தீ முழுக் கட்டுக்குள் வந்ததாக அறிவித்தார்கள்.

ஊருக்குள் திரும்பிப் போனவர்களை முதலில் குழப்பியது ஒரு காட்சி. வீடு இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் நிற்கிறது. பத்தடி தள்ளி மரம் பச்சையாக நிற்கிறது. 1880-களில் நட்ட தேவதாரு மரங்கள் வரிசையாக நிற்கும் சாண்டா ரோசா அவென்யூவில் பெரும்பாலான மரங்கள் தப்பித்துக்கொண்டன. இதைப் பார்த்துவிட்டு வானத்திலிருந்து கதிர் பாய்ச்சி வீடுகளை மட்டும் எரித்தார்கள் என்று கதை கட்டியவர்களும் உண்டு. தோட்டக்காரருக்கு இதில் மர்மம் ஏதும் இல்லை. காற்று சுமந்து வந்த கங்குகள் கூரையிடுக்கிலும் காற்றுத் துவாரத்திலும் நுழைந்து வீட்டை உள்ளிருந்து பற்றவைத்தன. ஒரு வீட்டின் அனல் அடுத்த வீட்டைப் பற்றவைத்தது. அந்தத் தெருக்களில் விறகாக இருந்தது வீடுதான். உயிருள்ள இலையில் தண்ணீர் இருக்கிறது, காய்ந்த மரச்சட்டத்தில் இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

தோட்டச் செடிகளைப் பொறுத்தவரை இதில் ஒரு முக்கியமான விஷயம் அடங்கியிருக்கிறது. காட்டில் தீ செடியையே தின்கிறது. ஊருக்குள் பல செடிகள் எரியவே இல்லை, பக்கத்து வீட்டின் அனலில் வெந்திருக்கின்றன. அதனால் வேலிப் புதரின் ஒரு பக்கம் கருகியிருக்கும், மறுபக்கம் பூத்திருக்கும். தெருவிலிருந்து பார்ப்பவருக்குக் கருகிய பக்கம்தான் தெரியும். "இதை எப்போது வெட்டி எடுக்கலாம்?" என்பதே அந்த வாரங்களில் அவரிடம் எல்லோரும் கேட்ட கேள்வி. "உள்ளே வந்து இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள்" என்று வீட்டுக்காரரைக் கையோடு அழைத்துப்போவார்.

அவர் முதலில் செய்த வேலை செடியைத் தொடாத வேலை. தண்ணீர்க் குழாய். ஆல்டடீனாவில் கோடையும் குளிரும் செடிகளுக்குத் தண்ணீர் கொடுப்பவை தரையோடு ஓடும் கறுப்புச் சொட்டுநீர்க் குழாய்கள். அவை எல்லாம் உருகி மண்ணோடு ஒட்டிக்கிடந்தன. வால்வுகள் உருகிவிட்டன, தண்ணீரைத் திறந்து மூடும் தானியங்கிப் பெட்டிகள் கருகிவிட்டன, பல தெருக்களில் மின்சாரம் இல்லை. இலையில் பாதியை இழந்து, ஏற்கெனவே எட்டு மாத வறட்சியில் நின்ற புதருக்கு அடியில் பொட்டு ஈரம் இல்லை. தீயில் பிழைத்தது தாகத்தில் செத்துப்போகும் நிலை. ஊருக்குத் தண்ணீர் தரும் சிறு நிறுவனங்கள் குழாய் நீரைக் குடிக்கவேண்டாம் என்று அப்போது எச்சரித்திருந்தன. வண்டியில் தொட்டி வைத்துத் தண்ணீர் கொண்டுபோய், தூரைச் சுற்றிப் பாத்தி கட்டி, மெதுவாக ஊற்றினார்.

மெதுவாக என்பதற்குக் காரணம் உண்டு. கடுந்தீ ஓடிய இடத்தில் மண் தண்ணீரைக் குடிக்காது. இலைதழைகளில் உள்ள மெழுகுப்பொருள் சூட்டில் ஆவியாகி, மண்ணுக்குள் இறங்கி, குளிர்ந்து, மண்துகள்கள்மேல் பூச்சாகப் படிந்துவிடுகிறது. மேலே ஒரு துளி விட்டால் தாமரை இலைமேல் விட்டதுபோல உருண்டு நிற்கும். ஊற்றிய தண்ணீர் முழுக்க வழிந்து தெருவுக்குப் போய்விடும். செடிக்கு ஊற்றிவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், ஒரு விரற்கடைக்குக் கீழே மண் புழுதியாக இருக்கும். முள்கரண்டியால் மேல்மண்ணை லேசாகக் கிளறிவிட்டு, கொஞ்சம் ஊற்றி, அது இறங்கும்வரை காத்திருந்து, மறுபடி ஊற்றவேண்டும். பிறகு மண்வெட்டியால் ஒரு ஓரத்தில் குத்திப் பார்க்கவேண்டும். குத்திப் பார்க்காத தோட்டக்காரரை இவர் நம்புவதில்லை.

அடுத்தது சாம்பல். காட்டுச் சாம்பல் என்றால் அதில் பொட்டாசியமும் சுண்ணமும் இருக்கும், அளவோடு இருந்தால் கேடில்லை. ஆனால் இது வீட்டுச் சாம்பல். ஆல்டடீனாவின் வீடுகளில் பெரும்பங்கு 1978-க்கு முன் கட்டியவை. வீட்டுப் பெயின்டில் ஈயம் சேர்க்க அமெரிக்கா தடை போட்டது அந்த ஆண்டில்தான். பேட்டரி, வயர், பிளாஸ்டிக், கல்நார் எல்லாம் எரிந்த சாம்பல் அது. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் யாரையும் அவர் வேலைக்கு இறக்கவில்லை. குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்குக் கலிஃபோர்னியா வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு கிலோவுக்கு 80 மில்லிகிராம். இடிபாடு அகற்றியபின் மண்ணைச் சோதிக்கும் வழக்கத்தை இம்முறை மத்திய அரசு கைவிட்டதால், சோதனை வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. தோட்டக்காரர் எல்லோரிடமும் ஒன்றைச் சொன்னார்: பூச்செடி, வேலிச்செடி இருக்கட்டும், கீரையும் கிழங்கும் மண் சோதனை முடிவு வந்த பிறகு.

இலைமேல் படிந்த சாம்பலை மென்மையான தூறலாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடவேண்டும். மூச்சுத்துளைகள் அடைபட்டால் பச்சை இலையும் பலன் தராது. கமேலியா, அசேலியா, கார்டீனியா போன்றவை அமில மண் கேட்கும் சாதிகள். சாம்பலோ காரம். அவற்றின் அடியில் கிடக்கும் சாம்பலைக் கையால் வழித்து எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் நாமே காரத்தை வேருக்கு அனுப்பிவைக்கிறோம். சில தோட்டங்களில் சிவப்புப் பொடி படிந்திருந்தது. விமானத்திலிருந்து கொட்டும் தீத்தடுப்பு மருந்து. அதில் பெரும்பகுதி அம்மோனியம் பாஸ்பேட், அதாவது உரம். நிறத்துக்கு இரும்புத்துரு. நல்லதுதானே என்று அப்படியே விட்டவர்கள் இலை பொசுங்கியதைப் பார்த்தார்கள். தேவைக்கு மேற்பட்ட உரமும் ஒருவகைத் தீதான்.

உரம் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிடும். அடிபட்ட செடியைத் தேற்றவேண்டும் என்று யூரியா வைத்தவர்கள் நிறையப் பேர். வேர் பாதி வெந்து, இலை பாதி போய் நிற்கும் செடியைத் தழைச்சத்து அவசரப்படுத்துகிறது. வேரில் சேமித்த மாவுச்சத்தை எல்லாம் கொட்டிச் செடி தழையத் தழைய வளர்கிறது, அந்தத் தழைக்குத் தண்ணீர் கொடுக்க வேரால் முடிவதில்லை. ஜூன் வெயிலில் படுத்துவிடுகிறது. முதல் வருடம் உரமே வேண்டாம் என்பதில் அவர் கறார்.

செடி உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் நுட்பமான பகுதி. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. கீழே பச்சையாகவோ, ஈரமான வெள்ளையாகவோ இருந்தால் உயிர், காய்ந்த காவி நிறம் என்றால் அந்த இடம் செத்துவிட்டது. ஆனால் இதைக் கிளை நுனியில் ஆரம்பித்து, அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அவர் நுனியிலிருந்து கீழே வருவார். ஒவ்வொரு கையகல இடைவெளியிலும் ஒரு சிறு சுரண்டல். பச்சை தட்டும் இடத்தில் ஒரு துணி நாடா. தண்டு முழுக்கக் காவி என்றால் தூரைச் சுற்றி மண்ணை விரலால் விலக்கி, மண்ணுக்குள் இருக்கும் பட்டையில் பார்ப்பார். செடியின் உயிரணுக்கள் சுமார் 60 டிகிரி செல்சியஸில் சாகின்றன. மேலே எவ்வளவு பெரிய தீ ஓடினாலும் சில சென்டிமீட்டர் ஆழத்தில் மண் அந்தச் சூட்டைத் தொடுவது அரிது. புரண்டுகிடந்த மரக்கட்டையோ தடிமனான மரத்தூள் மூடாக்கோ மணிக்கணக்கில் கனன்ற இடம் மட்டும் விலக்கு. அங்கே தூர் வெந்திருக்கும்.

இன்னொரு அடையாளம் உண்டு, அதை அவர் அதிகம் நம்புகிறார். பழுத்த இலை உதிர்வது செடி செய்கிற வேலை. இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்பைக் கட்டி, இலையைக் கழற்றிவிடுகிறது. அதற்குக் கிளையில் உயிர் வேண்டும். தீக்குப் பிறகு ஒரு புதரில் காவி இலை கொட்டிக்கொண்டே இருந்தால் அந்தக் கிளை பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. காவி இலை உதிராமல், தட்டினாலும் விழாமல் ஒட்டிக்கொண்டே நின்றால் கிளையும் இலையும் சேர்ந்தே செத்திருக்கின்றன. பார்க்கிறவர்கள் இதை நேர்மாறாகப் புரிந்துகொள்வார்கள். இலை கொட்டுகிற புதரைக் கண்டு பயந்து ரம்பத்தை எடுப்பார்கள், இலை நிற்கிற புதரைக் கண்டு ஆறுதல் கொள்வார்கள்.

சாதிக்குச் சாதி கதை மாறும். டோயான் என்ற உள்ளூர்ப் புதரை 2012-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் தன் அதிகாரபூர்வச் செடியாக ஏற்றுக்கொண்டது. குளிர்காலத்தில் செக்கச்செவேல் என்று பழம் தரும். அது தரைமட்டம்வரை எரிந்தாலும் தூரிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். லாரல் சுமாக் அதைவிட முந்திக்கொள்ளும். அதன் வேர் அவ்வளவு ஆழம், மழையே பெய்யாவிட்டாலும் சில வாரங்களில் செந்துளிர் காட்டிவிடும். மான்சனீட்டாவில் இரண்டு வகை உண்டு. தூரில் குமிழ்போல் கட்டை வைத்திருப்பது திரும்பிவரும். கட்டை இல்லாத வகை ஒருமுறை எரிந்தால் முடிந்தது, அதன் வாரிசு மண்ணில் கிடக்கும் விதைதான். நீலப்பூ பூக்கும் சியனோதஸ் இனங்களில் பலவும் அப்படித்தான். அவற்றின் விதைக்கு முளைக்கவே தீயின் சூடு வேண்டும், வருடக்கணக்கில் மண்ணுக்குள் காத்துக்கிடக்கும். அந்த இடத்தைக் கொத்தாமல் விட்டாலே மழைக்குப் பிறகு நாற்று எழும்பும்.

வெளியூரிலிருந்து வந்த செடிகளில் மாதுளை, காகிதப்பூ, அரளி மூன்றும் தூரிலிருந்து தழைப்பவை. ரோஸ்மேரியும் லாவண்டரும் அப்படியல்ல. முற்றிய கட்டையில் அவற்றுக்கு உறங்கும் மொட்டு அநேகமாக இல்லை. பச்சை இருக்கும் கிளைக்குக் கீழே வெட்டினால் அந்தக் கிளை போனதுதான். முழுக்கக் கருகிய ரோஸ்மேரிக்காக அவர் யாரையும் காத்திருக்கச் சொல்வதில்லை. பிடுங்கிவிட்டு வேறு வைக்கலாம். ஜுனிபர், இத்தாலிய சைப்ரஸ் கதையும் அதுவே. காவியான பக்கம் காவிதான். வேலியோரமாகச் சைப்ரஸ் நட்டிருந்தவர்கள் பாதி பச்சை, பாதி காவியாக நிற்கும் தூண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தவித்தார்கள். அவற்றை எடுத்துவிடும்படி சொல்வதில் அவருக்குத் தயக்கமே இல்லை. தீயை வீட்டுக்கு அழைத்துவருவதில் அவை கெட்டிக்காரச் செடிகள்.

அரளிக்கு இரண்டு எச்சரிக்கைகள். அதன் புகை நஞ்சு, கழித்த குச்சியைக் குப்பையோடு சேர்த்து எரிக்கக்கூடாது. இரண்டாவது கொஞ்சம் சூட்சுமம். 1990-களிலிருந்து தெற்குக் கலிஃபோர்னியாவின் அரளிகளை ஒரு பாக்டீரியா நோய் தின்றுவருகிறது. தத்துப்பூச்சி பரப்பும் நோய். இலை ஓரம் தீயில் பொசுங்கியதுபோலவே கருகும். தீயில் பொசுங்கிய அரளி வசந்தத்தில் சுத்தமான இலை விடும். நோய்ப்பட்ட அரளியின் புது இலையும் கோடையில் ஓரம் கருகும். மார்ச்சில் பார்த்தால் இரண்டும் ஒன்று, ஆகஸ்டில்தான் வித்தியாசம் தெரியும்.

ரோஜாவைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். வீட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிகள். ஒட்டுக்கு மேலே கருகி, கீழிருந்து துளிர்த்தால், வீட்டுக்காரர் மகிழ்ந்துபோவார். அந்த வருடமோ அடுத்த வருடமோ பூக்கும்போது மஞ்சள் ரோஜா இருந்த இடத்தில் கருஞ்சிவப்பில் சின்னப் பூக்கள் பூத்திருக்கும். அடிச்செடி தலையெடுத்துவிட்டது என்று அர்த்தம். தெற்குக் கலிஃபோர்னியாவில் அந்த அடிச்செடி பெரும்பாலும் டாக்டர் ஹூயி. அதை உருவாக்கியவர் ஜார்ஜ் தாமஸ். ரோஜா வளர்ப்பதோடு கோல்ஃப் மைதானம் வடிவமைப்பதிலும் பேர்போனவர். அதே ஜனவரியில் எரிந்த பசிபிக் பாலிசேட்ஸில் இருக்கும் ரிவியரா மைதானம் அவர் வடிவமைத்ததுதான். இந்தச் செய்தியால் செடிக்கு ஒரு பயனும் இல்லை, ஆனால் தோட்டக்காரர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. வீடே போன சிலர், டாக்டர் ஹூயி என்று தெரிந்தும், அது அந்த வீட்டு மண்ணில் தழைத்த முதல் செடி என்பதால் வைத்துக்கொண்டார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை.

இந்தியக் குடும்பம் ஒன்றின் பின்கட்டில் கறிவேப்பிலை நின்றது. மேலே குச்சி குச்சியாகக் கருகிவிட்டது. கறிவேப்பிலைக்குப் பக்கக்கன்று விடும் குணம் உண்டு. தூரும் வேரும் இருந்தால் போதும். ஆனால் அங்கே வேறு கட்டுப்பாடு இருக்கிறது. எலுமிச்சைக் குடும்பத்தை அழிக்கும் நோயைச் சுமக்கும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும் என்பதால், தடுப்பு எல்லைக்குள்ளிருந்து அந்தச் செடியையோ கன்றையோ வெளியே கொண்டுபோகச் சட்டம் விடாது. வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தால் கன்றைக் கையோடு எடுத்துப்போக முடியவில்லை. "இங்கேயே இருக்கட்டும், தண்ணீரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் தோட்டக்காரர்.

கருகிய கிளையை அகற்றியபின் புதருக்குள் வெயில் இறங்கும். அதுவரை நிழலில் இருந்த பட்டை வெந்துவிடும். வெள்ளை லேடெக்ஸ் பெயின்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மேற்கு, தெற்குப் பக்கத் தண்டுகளில் பூசுவார். பார்க்க விகாரமாகத்தான் இருக்கும். மூடாக்கு விஷயத்தில் அவருக்கே மனம் இரண்டுபட்டு நிற்கிறது. செடிக்கு மரச்சீவல் மூடாக்கு நல்லது, வீட்டுக்கு நல்லதல்ல. வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்ற திசையில் கலிஃபோர்னியா 2020 முதல் சட்டத்தை நகர்த்திவருகிறது. அதனால் சுவரோரம் சரளை, தள்ளி நிற்கும் புதருக்கு மட்டும் சீவல், அதுவும் தண்டைத் தொடாமல்.

பிப்ரவரி நடுவில் பெய்த கனமழையில், பக்கத்து சியரா மாட்ரேயில் சேறு தெருவில் ஓடியது. சரிவில் இருந்த தோட்டங்களில் வண்டல் வந்து புதர்களின் தூரை மூடியது. இது தீயைவிட அமைதியான சாவு. தூர் மூச்சுமுட்டி அழுகும், செடி ஆறு மாதம் கழித்து வாடும், காரணம் யாருக்கும் புரியாது. பழைய மண்மட்டம் தெரியும்வரை வண்டலை அள்ளுவதுதான் வைத்தியம்.

அதன்பின் இடிபாடு அகற்றும் லாரிகள் வந்தன. ராணுவப் பொறியியல் பிரிவின் ஒப்பந்தக்காரர்கள் வீடிருந்த பரப்பில் ஆறு அங்குல மண்ணையும் சேர்த்து எடுத்தார்கள். எடுக்கவேண்டிய வேலைதான், அதில் அவருக்குக் குறையில்லை. ஆனால் புல்டோசர் ஓட்டுபவருக்குச் செத்த புதருக்கும் உறங்கும் புதருக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. சக்கரம் ஏறி இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றும் போகாது. லாரி வரும் முன்பே காப்பாற்றவேண்டிய புதர்களைச் சுற்றி ஆரஞ்சு வலை கட்டி, "உயிருள்ளது" என்று அட்டை தொங்கவிட்டார். வலை கட்டிய இடங்களில் பெரும்பாலும் தப்பின. கட்டாத இடங்களில், ஏப்ரலில் துளிர்த்திருக்கவேண்டிய டோயான் வேலிகள் கட்டடக் குப்பையோடு போய்ச் சேர்ந்தன. ரம்பத்தின் மேல் அவர் கொண்ட கோபத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

துளிர் வந்தபின் வேலை குறைவு, பொறுமை அதிகம். தூரிலிருந்து இருபது, முப்பது துளிர் கிளம்பும். முதல் வருடம் ஒன்றையும் தொடவேண்டாம், அத்தனை இலையும் வேரைத் தேற்றுகிற இலை. மலையிலிருந்து இறங்கும் மான்களுக்கு இந்த இளந்துளிர் விருந்து, கம்பிவலை அவசியம். கடுகும் ஆமணக்கும் செடிக்கு முன்னால் முளைத்துத் தண்ணீரைக் குடித்துவிடும், இளசாக இருக்கும்போதே பிடுங்கவேண்டும். இரண்டாம் வருடம் வலுவான நாலைந்து தண்டுகளை நிறுத்தி மற்றதைத் தூரோடு அறுத்துவிடலாம். மான்சனீட்டா, சியனோதஸ் நாற்றுகளுக்குக் கோடையில் அடிக்கடி தண்ணீர் காட்டினால் வேரழுகும். நேசத்தால் சாகும் செடிகள் அவை.

உங்கள் வேலிப்பக்கம் தீ வந்துபோனால், எந்த ஊராக இருந்தாலும், முதலில் குழாயைச் சரிசெய்யுங்கள். தூரைச் சுற்றி வலை கட்டுங்கள். நடமாடும் வழியில் விழக்கூடிய கிளையை மட்டும் அகற்றுங்கள். கருகிய புதரை வேரோடு எடுப்பதா வேண்டாமா என்ற முடிவை ஒரு முழு மழைக்காலமும் ஒரு வசந்தமும் கடந்தபின், மண்ணை விலக்கித் தூரைச் சுரண்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.